ஈஸ்டர் இனிப்புகள்: கேட்டவர்களும் பதில்களும்

கேள்வி (நாகர்கோவில்): அக்கா, வீட்டில் செய்த மக்ரூன் உள்ளே பிசுபிசுவென்று பல்லில் ஒட்டுகிறது. ஏன்?

பதில்: மக்ரூன் வேகிற பண்டமல்ல, உலர்கிற பண்டம். கேக்குக்கு வைப்பதுபோல் 180 டிகிரி வைத்தால் மேலே பழுப்பேறும், உள்ளே ஈரம் நிற்கும்.

நான்கு முட்டையின் வெள்ளைக்கரு, பொடித்த சர்க்கரை 200 கிராம், முந்திரி 200 கிராம். முந்திரியை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். நைசாக அரைத்தால் எண்ணெய் கக்கி நுரையை அமுக்கிவிடும். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகத் தூவி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் அசையாத பதம் வரும்வரை அடியுங்கள். முந்திரியைப் போட்ட பிறகு அடிக்கக் கூடாது. அடியிலிருந்து அள்ளி அள்ளிக் கலக்க வேண்டும். கூம்பாகப் பிழிந்து, 110 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். அணைத்த பிறகும் ஓவன் கதவைத் திறக்காமல் ஆறவிடுங்கள். ஈஸ்டர் வருவது மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் தட்டில் பரப்பி வைத்தால் மாலைக்குள் நமுத்துவிடும். ஆறியவுடன் டின்னில் அடையுங்கள்.

எச்சரிக்கை: அடிக்கும் பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள் கருவோ துளிகூட இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம். எவ்வளவு தேய்த்தாலும் பிசுக்கு போகாது.

கேள்வி (மதுரை): ஓவன் இல்லை. குக்கரில் மக்ரூன் செய்யலாமா?

பதில்: முடியாது. குக்கருக்குள் ஈரம் வெளியேற வழியில்லை.

கேள்வி (பாளையங்கோட்டை): மிஞ்சும் மஞ்சள் கருவை என்ன செய்வது?

பதில்: கேரமல் புட்டிங். அரை லிட்டர் பால், அந்த நான்கு மஞ்சள் கரு, இரண்டு முழு முட்டை, 100 கிராம் சர்க்கரை. கேரமலைத் தேன் நிறத்தில் இறக்கிவிடாதீர்கள். செம்பழுப்பு ஏறினால்தான் லேசான கசப்பு கிடைக்கும். கலவையை வடிகட்டி ஊற்றி, மேலே அலுமினியத் தாள் மூடி, இட்லிப் பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் புட்டிங் முழுக்க ஓட்டை விழும். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே இறக்குங்கள்.

கேள்வி (சென்னை): மக்ரூனில் பாதாம் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. தோலை உரித்து, ஈரம் போக உலர்த்திப் பொடியுங்கள்.

குறுக்கிட்டவர் (தூத்துக்குடி): பாதாம் போட்டால் அது மக்ரூனே அல்ல. முந்திரிதான் நம் மண்ணின் பருப்பு.

பதில்: நம் மண்ணுடையதா? 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் ஐயா அது. ஐரோப்பாவில் மக்ரூன் பெரும்பாலும் பாதாமில்தான் செய்கிறார்கள்.

தூத்துக்குடி: அப்படியானால் அதேபோல் வெளியிலிருந்து வந்த மிளகாயையும் கப்பலேற்றி அனுப்பிவிடலாமா?

பதில்: மிளகாய் வாதம் வலுவானதுதான். ஆனாலும் சென்னைக்காரர் தன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்கிறார், உங்கள் ஊர்க் கடைக்கு அல்ல.

சென்னை: நான் வெனிலா எசென்சும் விடலாமென்று இருந்தேன்.

தூத்துக்குடி: கடவுளே!

பதில்: எசென்ஸ் விஷயத்தில் நான் தூத்துக்குடி பக்கம். முந்திரி வாசனையை ஏன் மறைக்க வேண்டும்? சரி, மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (திருச்சி): மார்ஸிபான் முட்டை (முந்திரி விழுதில் செய்யும் முட்டை வடிவ இனிப்பு) அச்சிலிருந்து எடுக்கும்போது விரிசல் விடுகிறது.

பதில்: கூடுதலாகக் கிளறிவிட்டீர்கள். ஊறவைத்து அரைத்த முந்திரிக்குச் சம அளவு சர்க்கரை. ஓரம் விட்டு உருண்டு வந்ததும் இறக்கிவிட வேண்டும். இப்போது இருப்பதில் சில துளி பன்னீர் தெளித்துப் பிசைந்து பாருங்கள். இரண்டு பாதிகளையும் ஒட்டப் பச்சை வெள்ளைக்கரு ஐசிங் பூசாதீர்கள். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும், தின்னப்போவது குழந்தைகள். கெட்டிப் பாகு ஒரு துளி போதும்.

கேள்வி (கோவை): குக்கரில் மணல் போட்டு மக்ரூன்...

பதில்: மதுரைக்குச் சொன்னதேதான்.

கேள்வி (வேலூர்): அப்பாவுக்குச் சர்க்கரை நோய். வெல்லத்தில் செய்யலாமா?

பதில்: வெல்லமும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): பெரிய வெள்ளிக்குச் சிலுவை பன் செய்முறை வேண்டும்.

பதில்: அது ஈஸ்ட் மாவு வேலை. ரொட்டி செய்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (சேலம்): முட்டையில்லாமல் மக்ரூன் செய்யலாமா?

பதில்: கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைக் கெட்டியாகச் சுண்டவைத்து, ஆறவிட்டு அடித்தால் நுரைக்கும். இங்கும் பாத்திரத்தில் பிசுக்கு ஆகாது.

கேள்வி (தஞ்சாவூர்): இட்லிப் பாத்திரத்தில் மக்ரூன் வருமா?

பதில்: ஆவியிலா? வராது. குக்கர், மணல், இட்லிப் பாத்திரம், இனி எதைக் கேட்டாலும் இதே பதில்.

கேள்வி (திண்டுக்கல்): எதை எப்போது செய்வது?

பதில்: மார்ஸிபான் புதன்கிழமையே. மக்ரூன் சனி காலை. புட்டிங்கைச் சனி மாலை செய்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நள்ளிரவுப் பூசைக்குப் போங்கள். தட்டில் கவிழ்ப்பதை ஞாயிறு சாப்பாட்டுக்குச் சற்று முன் வைத்துக்கொள்ளுங்கள்.