மருத்துவர் பதில்: சாக நினைக்கும் காரணங்களை எழுதச் சொல்வது சிகிச்சையா?

கேள்வி: என் தங்கைக்கு 27 வயது. மூன்று மாதங்களுக்கு முன்பு தற்கொலைக்கு முயன்று பிழைத்துக்கொண்டாள். இப்போது வாரம் ஒருமுறை உளவியல் சிகிச்சையாளர் ஒருவரிடம் அழைத்துப் போகிறேன். முதல் நாள் சிறிது நேரம் நானும் உள்ளே இருந்தேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல், தங்கையின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு படிவத்தை அவள் கையில் கொடுத்தார். வாழ்வதற்கான காரணங்களை ஒரு பக்கமும் சாவதற்கான காரணங்களை இன்னொரு பக்கமும் அவள் எழுத வேண்டுமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மறக்கட்டும் என்று வீட்டில் நாங்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இவரோ எழுதவே சொல்கிறார். 'இனி அப்படிச் செய்ய மாட்டேன்' என்று ஒரு சத்தியம்கூட வாங்கவில்லை. மருத்துவமனையில் சேர்க்கலாமா என்று கேட்டால், 'இப்போதைக்குத் தேவைப்படாது, அவரோடு சேர்ந்து முடிவு செய்வோம்' என்கிறார். அவள் என்ன எழுதினாள் என்பதையும் எங்களிடம் சொல்வதில்லை. ஆளை மாற்றிவிடலாமா? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஆளை மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், தற்கொலை எண்ணத்துக்கென்றே பயிற்சி பெற்ற ஒருவரிடம்தான் உங்கள் தங்கை போய்ச் சேர்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்காருவது, படிவத்தை நோயாளியின் கையிலேயே கொடுப்பது, முடிவுகளைச் சேர்ந்து எடுப்பது ஆகியவை 'காம்ஸ்' என்ற சிகிச்சை முறையின் அடையாளங்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஜோப்ஸ் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்தெடுத்த முறை அது.

முதலில் உங்களைத் தூக்கிவாரிப் போட்ட விஷயத்துக்கு வருகிறேன். தற்கொலையைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் குடும்பங்களுக்கு மட்டுமல்ல, மருத்துவர்கள் பலருக்கும் இருக்கிறது. இதை ஆய்வாளர்கள் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. சிலருக்குக் கேட்டதாலேயே பாரம் சற்றுக் குறைகிறது. உங்கள் தங்கையைப் பொறுத்தவரை அந்த எண்ணம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. வீட்டில் யாரும் பேசாதிருப்பதால் அது மறந்துபோகாது. 'இதைப் பற்றி இங்கே பேசக் கூடாது' என்பது மட்டும்தான் அவருக்குப் புரியும்.

பழைய வழக்கம் எப்படி என்று சொன்னால் இந்த மாற்றத்தின் அருமை தெரியும். மருத்துவர் எதிரே உட்கார்ந்து கேள்விகளை அடுக்குவார். எண்ணம் இருக்கிறதா? திட்டம் இருக்கிறதா? முன்பு முயன்றதுண்டா? நோயாளிக்கு அது விசாரணையாகத்தான் படும். 'ஆமாம்' என்றால் பூட்டி வைத்துவிடுவார்கள், 'இல்லை' என்றால் வீட்டுக்குப் போகலாம் என்பதை இரண்டாவது சந்திப்பிலேயே கற்றுக்கொண்டுவிடுவார். பிறகு 'இல்லை' என்ற பதில் மட்டுமே வரும். மருத்துவரும் கோப்பில் அதைக் குறித்துக்கொண்டு நிம்மதியடைவார். அந்த நிம்மதியில் பாதி, நாளை ஏதாவது ஆனால் தன் மேல் பழி வராது என்ற நிம்மதி. கசப்பாக இருந்தாலும் உண்மை அதுதான்.

இப்படிக் கேட்டு 'இவருக்கு ஆபத்து, அவருக்கு இல்லை' என்று பிரிப்பதும் நாம் நினைக்கும் அளவுக்குப் பலன் தருவதில்லை. ஐம்பது ஆண்டுகளில் வெளியான 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஓர் அலசல் வெளிவந்தது. யார் தற்கொலைக்கு முயல்வார் என்று நமக்குத் தெரிந்த காரணிகளை வைத்துக் கணிப்பது, தற்செயலாக ஊகிப்பதைவிடச் சற்றே மேல் என்பதுதான் அதன் முடிவு. வெளியிலிருந்து கணிக்க முடியவில்லை என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்த ஒரே ஆளிடம்தான் கேட்க வேண்டும். அந்த ஆள் உங்கள் தங்கை. அவருடைய சாவு விருப்பத்தைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை என்ற நிலையிலிருந்து தொடங்குவதால்தான் நாற்காலி மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வருகிறது.

அந்தப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மன வலி, நெருக்கடி, பதைபதைப்பு, நம்பிக்கையின்மை, தன்மீதான வெறுப்பு ஆகிய ஐந்தையும் ஒன்றிலிருந்து ஐந்துவரை நோயாளியே மதிப்பிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தன் சொற்களில் ஒரு வரி எழுத வேண்டும். 'எனக்கு மிகவும் வலிப்பது...' என்று தொடங்கும் வரியை அவர்தான் முடிக்க வேண்டும். மன வலிக்கு முதலிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. தற்கொலை ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான எட்வின் ஷ்னைட்மன், பெரும்பாலானோர் தேடுவது சாவை அல்ல, தாங்க முடியாத மன வலியின் முடிவை என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். அந்த வலி எது, எந்தத் தேவை நிறைவேறாததால் வந்தது என்று தெரியாமல் 'சாகாதே' என்று மட்டும் சொல்வது, நெஞ்சுவலி என்று வந்தவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் 'வலிக்கக் கூடாது' என்று சொல்லி அனுப்புவதற்குச் சமம்.

சாவதற்கான காரணங்களை ஏன் எழுத வைக்க வேண்டும்? தற்கொலை எண்ணம் உள்ளவர் மனத்தில் வாழும் ஆசையும் சாகும் ஆசையும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. நாம் முதல் பக்கத்தை மட்டும் பேசினால், நோயாளி தன் மனத்துக்குள் மறுபக்கத்துக்காக வாதாடத் தொடங்கிவிடுகிறார். இரண்டு பக்கமும் தாளில் இறங்கும்போதுதான் சிகிச்சைக்குப் பிடி கிடைக்கிறது. குடும்பம் நினைக்கும் காரணமும் நோயாளி எழுதும் காரணமும் பல நேரங்களில் பொருந்துவதே இல்லை. வேலை போனதுதான் காரணம் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் எழுதியிருப்பது 'நான் எல்லோருக்கும் பாரம்' என்று இருக்கும். வேறு வேலை தேடிக் கொடுத்தால் அந்த வரி அழியாது. அந்த வரியையும் அதைப் போன்ற இன்னொன்றையும்தான் வாராவாரம் எடுத்து வைத்துக்கொண்டு சிகிச்சையாளர் வேலை செய்வார். எவற்றை முதலில் எடுப்பது என்பதிலும் நோயாளிக்குச் சொல் உண்டு. படிவத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது: 'எந்த ஒன்று நடந்தால் எனக்கு இந்த எண்ணம் இல்லாமல் போகும்?' அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் சில சமயம் சிகிச்சையின் திசையையே மாற்றிவிடும்.

மதிப்பீடு ஒவ்வொரு சந்திப்பிலும் தொடரும். எண்ணம் வந்தாலும் தன்னால் சமாளிக்க முடிகிறது என்ற நிலை தொடர்ந்து மூன்று சந்திப்புகளில் உறுதியானால்தான் இந்தக் கட்டம் முடிந்தது என்று கொள்வார்கள். அதனால் இரண்டு வாரத்தில் தங்கை சிரிக்கத் தொடங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்திவிடாதீர்கள்.

இதே அணுகுமுறையில் வேறு சிகிச்சைகளும் உள்ளன. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கான்ராட் மிஷெல் குழுவினர், தற்கொலைக்கு முயன்றவரை அந்த நாளின் கதையைத் தன் போக்கில் சொல்லவிட்டு, அதை வீடியோவில் பதிவு செய்து, அடுத்த சந்திப்பில் அவரோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். எந்த இடத்தில் வலி கட்டுமீறியது, எந்த இடத்தில் வேறு வழியில் திரும்பியிருக்கலாம் என்று இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள். சந்திப்புகள் மூன்றோ நான்கோதான். பிறகு இரண்டு ஆண்டுகள் அவ்வப்போது கடிதம் எழுதுகிறார்கள். 120 பேரை வைத்து 2016-இல் வெளியான அவர்கள் சோதனையில், இந்தச் சிகிச்சை பெற்ற குழுவில் மறு முயற்சிகள் 5, பெறாத குழுவில் 41. சிறிய சோதனைதான், அதை மட்டும் நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது. ஆனால் அந்தக் கடிதங்களை அலட்சியப்படுத்த எனக்கு மனம் வருவதில்லை.

இனி சத்தியம். 'செய்துகொள்ள மாட்டேன்' என்று வாக்கு வாங்குவதும், அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வதும் எங்கள் துறையிலேயே ஒரு காலத்தில் பரவலாக இருந்தன. அவை உயிரைக் காக்கின்றன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சத்தியத்தால் நிம்மதி கிடைப்பது வாங்கியவருக்கு. கொடுத்தவருக்கோ, எண்ணம் திரும்பி வரும்போது வெளியே சொல்ல இன்னொரு தடை. சொன்னால் சத்தியத்தை மீறியவர் ஆகிவிடுவாரே! அதனால்தான் இப்போது வாக்குக்குப் பதிலாகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைச் சேர்ந்து எழுதுகிறோம். எண்ணம் தலைதூக்கும்போது முதலில் தெரியும் அறிகுறி என்ன, தனியாக இருக்கும்போது எதைச் செய்தால் அது கொஞ்சம் தணியும், யாரோடு இருந்தால் அல்லது எங்கே போனால் மனம் திசை திரும்பும், யாரிடம் வெளிப்படையாக உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை, எந்த உதவி எண்ணை அழைப்பது, வீட்டில் ஆபத்தான பொருள்களை எப்படிக் கைக்கு எட்டாமல் வைப்பது என்று படிப்படியாக, நோயாளியின் சொற்களிலேயே அது போகும். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரௌன் என்ற இருவர் இதை வடிவமைத்தார்கள். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்கு வந்த 1,640 பேரைப் பின்தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், இந்தத் திட்டத்தோடு தொலைபேசியில் விசாரிப்பும் கிடைத்தவர்களிடம் அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தை சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தது. இந்தத் தாள் உங்கள் தங்கையிடம் இருக்கிறதா என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். இருந்தால், அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். இல்லையென்றால் வருத்தப்படாதீர்கள்.

மருத்துவமனைச் சேர்க்கை சில நேரங்களில் கட்டாயம் தேவைப்படும். இல்லாத குரல்கள் 'செத்துப்போ' என்று கட்டளையிடுவது, போதையில் நிலை தெரியாமல் இருப்பது, இன்றிரவைக்கூடப் பாதுகாப்பாகக் கடக்க முடியாது என்று நோயாளியே சொல்வது போன்ற கட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்க முடியாது. அப்போது முடிவை நாங்கள் எடுப்போம், காரணத்தை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு எடுப்போம். ஆனால் சேர்த்தால் ஆபத்து தீர்ந்தது என்பது தவறான கணக்கு. மனநலப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய முதல் மூன்று மாதங்கள் மிகவும் ஆபத்தான காலங்களில் ஒன்று. உள்ளே இருந்த நாள்களில் வலியின் வேர் தொடப்படவில்லை என்றால், அதே வலியோடுதான் அவர் வாசலைத் தாண்டுவார்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. காம்ஸ் தற்கொலை எண்ணங்களைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகள் பல இருக்கின்றன. முயற்சிகளைக் குறைக்கிறது என்பதற்கான சான்று அவ்வளவு வலுவாக இன்னும் இல்லை. தங்கைக்கு மனச்சோர்வு நோயோ இருதுருவ நோயோ இருந்து மருந்து தரப்பட்டிருந்தால், பேச்சுச் சிகிச்சை நடக்கிறது என்பதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. மருந்து தொடங்கிய அல்லது அளவு மாற்றிய முதல் வாரங்களில் பதற்றமோ தூக்கமின்மையோ கூடினால் மனநல மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

அவர் எழுதியதை உங்களுக்குக் காட்டாதது சரியே. காட்டுவார்கள் என்று தெரிந்தால் உண்மையை எழுத மாட்டார். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் சிகிச்சையாளர் உங்களிடம் சொல்லத்தான் செய்வார். அந்த எல்லையைத் தங்கையிடம் முன்பே விளக்கியும் இருப்பார். அதே நேரம், நீங்கள் கவனிப்பதை அவரிடம் சொல்ல எந்தத் தடையும் இல்லை. தங்கையிடம் தெரிவித்துவிட்டே சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுள் முதலாவது, ஆபத்தானவற்றை அகற்றுவது. முயன்று பிழைத்த பலரிடம், முடிவெடுத்ததற்கும் செயலுக்கும் இடையே சில நிமிடங்களே இருந்தன. அந்த நிமிடங்களில் கைக்கு எட்டாததே உயிரைக் காப்பாற்றும். மாத்திரைகளை நீங்கள் பூட்டி வைத்து நாளுக்குரியதை மட்டும் கொடுக்கலாம். ஆனால் திருட்டுத்தனமாகச் செய்யாமல், 'கொஞ்ச நாளைக்கு இது என்னிடம் இருக்கட்டுமா?' என்று கேட்டுச் செய்யுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

இரண்டாவது, பேச்சு. 'உனக்கு என்ன குறை வைத்தோம்?', 'எங்களை நினைத்துப் பார்த்தாயா?' ஆகியவை அன்பில் பிறந்த கேள்விகள்தான். 'நான் பாரம்' என்று எழுதியவர் காதில் அவை குற்றப்பத்திரிகையாக விழும். 'சாக வேண்டும் என்ற எண்ணம் இன்று வந்ததா?' என்று நேராகக் கேளுங்கள். வந்தது என்றால் வாதாடாதீர்கள், உபதேசம் வேண்டாம். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, திட்டத்தாளை எடுத்து இருவரும் பாருங்கள். நீங்களும் தூங்காமல் மூன்று மாதமாகக் காவல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் இன்னொருவரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத நேரம். எப்படி, எப்போது என்று திட்டவட்டமாகப் பேசுகிறார், பொருள்களைப் பிறருக்குக் கொடுத்து விடைபெறுகிறார், பல நாள் கொந்தளிப்புக்குப் பிறகு திடீரென்று விளக்க முடியாத அமைதி தெரிகிறது, தூக்கம் முற்றிலும் போய்விட்டது என்றால் அடுத்த வாரச் சந்திப்புவரை பொறுக்க வேண்டாம். தனியாக விடாமல் உடன் இருந்து, சிகிச்சையாளரை அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் நீங்கள் வசிக்கும் நாட்டின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராக அழைத்துப் போங்கள். அந்த எண்களை இன்றே உங்கள் கைப்பேசியிலும் தங்கையின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.