ராஜ் இல்லாத டி.டி.எல்.ஜே. – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2025 ஜூனில் மான்செஸ்டர் ஓப்பரா ஹவுசில் ‘கம் ஃபால் இன் லவ்’ மியூசிக்கலை அம்மாவோடு போய்ப் பார்த்தேன். ஷாருக் கான் ராஜாக நடித்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ (டி.டி.எல்.ஜே.) படத்தை மேடைக்குக் கொண்டுவந்த இசை நாடகம் அது. எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது. முடிந்ததும் என்னைச் சுற்றி எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள், நானும் எழுந்தேன். அம்மா மட்டும் எழும்பவில்லை. வீடு வரும்வரை “அது ராஜ் இல்லை, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெடியன்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அம்மாவுக்கு ஹிந்தியும் தெரியாது, ஆனாலும் அந்தப் படம் அவருக்கு உயிர். நான் இங்கே பிறந்தவள், படத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறேன். நாடகத்தைப் பார்த்தவர்கள் கைதட்டுகிறார்கள், பார்க்காதவர்கள்தான் அதிகம் திட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் யார் பேச்சை எடுத்துக்கொள்வது?

ச., மான்செஸ்டர்

அன்புள்ள ச.,

நான் அதை மேடையில் பார்க்கவில்லை. அதனால் ஆட்டம் எப்படி, பாட்டு எப்படி என்பதில் உங்கள் வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். விஷால்–சேகர் இசை, ராப் ஆஷ்ஃபோர்டு நடன அமைப்பு, நெல் பெஞ்சமின் எழுத்து என்று தொழில் தெரிந்தவர்கள் சேர்ந்து செய்தது, அரங்கு எழுந்து நின்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் பார்க்காதவர்கள் பேசக் கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடிப்பு நன்றாக இருந்ததா என்று சொல்ல அரங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும், சரி. கதாநாயகனை யாராக மாற்றுவது என்பது திரை விலகுவதற்கு வெகு முன்பே, அறிவித்துச் செய்த முடிவு. அதைக் கேள்வி கேட்க டிக்கெட் தேவையில்லை.

2022-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஓல்ட் குளோப் அரங்கில் இது முதலில் மேடையேறியபோதே சண்டை தொடங்கிவிட்டது. ராஜ் மல்ஹோத்ரா அங்கே ரோக் மேண்டல் ஆனான், ஆஸ்டின் கோல்பி என்ற வெள்ளை நடிகர் நடித்தார். ஷாருக் கான் செய்த வேடத்துக்கு ஒரு இந்திய வம்சாவளி நடிகர்கூடக் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். அமெரிக்க மேடையில் தெற்காசிய முகத்துக்குக் காதல் நாயகன் வேடம் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2004-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேக்கு வந்தது, 2005 புத்தாண்டு தினத்தோடு முடிந்தும் போனது. அப்படிப்பட்ட இடத்தில், இந்தியாவின் மிகப் பிரபலமான காதல் கதையை ஒரு இந்தியத் தயாரிப்பு நிறுவனமே எடுத்துக்கொண்டு வந்து, அந்த ஒரு வேடத்தை மட்டும் மாற்றினால் வலிக்காதா? நாடகம் சான் டியேகோவிலிருந்து நேராக பிராட்வே போவதாக அறிவித்திருந்தார்கள். அங்கே போகாமல் 2025-ல் உங்கள் ஊருக்கு வந்தது. வந்தபோதும் ராஜ் திரும்பவில்லை, ரோக்தான் வந்தான்.

ஆதித்ய சோப்ராவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். படத்தை எடுத்தவரே நாடகத்தையும் இயக்கியிருக்கிறார், வேறு யாரோ வந்து கெடுத்த கதை இல்லை இது. தன் இருபதுகளில் முதலில் யோசித்ததே ஒரு அமெரிக்க இளைஞனுக்கும் இந்தியப் பெண்ணுக்குமான காதலைத்தான் என்றும், மனதில் இருந்தது டாம் குரூஸ் என்றும், அப்பா யஷ் சோப்ரா பேசி மாற்றியதால்தான் 1995-ல் நாம் பார்த்த படம் வந்தது என்றும் 2021-ல் அவரே எழுதினார். நான் அதை நம்புகிறேன். ஆனால் யஷ் சோப்ரா பேசி மாற்றியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்றுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

படத்தை முழுக்கப் பாருங்கள், ச. அம்மாவின் கோபம் அப்போதுதான் புரியும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் புறாக்களுக்குத் தீனி போட்டபடி பஞ்சாபை நினைத்து ஏங்குகிற பல்தேவ் சிங்கில், அதாவது நாயகி சிம்ரனின் அப்பாவில் தொடங்குகிறது அது. ஊரை விட்டு வந்து பல வருடம் ஆகியும் அந்த மண்ணுக்கு ஒட்டாத மனிதர், மகள்களை மட்டுமாவது ஊர்ப் பிள்ளைகளாக வைத்திருக்கப் பார்க்கிறார். அவர் பார்வையில் ராஜ் கெட்டுப்போன பிள்ளை: லண்டன்வாசி, பணக்கார வீட்டுப் பையன், பரீட்சையில் தோற்றவன், அவருடைய கடையை அடைத்த பிறகு வந்து பொய் சொல்லி பீர் வாங்கிப் போனவன். படம் முழுக்க நடப்பது என்னவென்றால், வெளியே போய் வளர்ந்த பிள்ளையும் நம் பிள்ளைதான் என்று அந்த அப்பா ஒப்புக்கொள்ள எடுத்துக்கொள்ளும் நேரம். சிம்ரனின் அம்மா நகைகளைக் கையில் கொடுத்து, இவளைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போ என்று கெஞ்சும்போது ராஜ் மறுக்கிறான், அப்பா கையால் கொடுத்தால்தான் கூட்டிப்போவேன் என்கிறான். தானும் ஒரு ஹிந்துஸ்தானிதான், ஒரு ஹிந்துஸ்தானிப் பெண்ணின் மானம் தனக்குத் தெரியும் என்று முன்னால் சிம்ரனிடம் சொன்னவனும் அவன்தான். அந்த வசனத்தை ரோக்கின் வாயில் எப்படி வைப்பீர்கள்? ரோக் வந்து நின்றால் அப்பாவின் மறுப்புக்கு அர்த்தமே வேறு. தன் பிள்ளையைத் தன் பிள்ளையென்று ஏற்கத் தயங்கிய மனிதர், இப்போது வேற்றினத்தானை வேண்டாம் என்கிற மனிதராகிவிடுகிறார், ரோக் வந்து அவர் மனதை விசாலமாக்க வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு கதைதான், நிஜ வாழ்க்கையில் நடக்கிற கதையும்கூட, ஆனால் மேற்கத்திய மேடைக்கு அது பழகிப்போன கதை. உங்கள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹிந்தி தெரியாமலே அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டது பல்தேவ் சிங்கின் கதைக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

படம் குறையில்லாதது என்று நான் சொல்லவில்லை. சிம்ரன் கடைசிவரை அப்பா கையை விடுவதற்காகத்தான் காத்திருக்கிறாள், ரயில் நகரத் தொடங்கிய பிறகும் அவர் ‘போ’ என்று சொன்ன பிறகுதான் ஓடுகிறாள். புதிதாக எழுதுகிறவர்கள் அதைத் தொட்டு மாற்றியிருந்தால் நானே முதல் ஆளாக வரவேற்பேன். அதற்கு ராஜை அனுப்பிவிட வேண்டிய அவசியம் இல்லையே.

அப்புறம் கைதட்டல். லண்டனிலும் நியூயார்க்கிலும் மியூசிக்கல் முடிந்தால் எழுந்து நிற்பது இன்று ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது, அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே அரங்கில் கைதட்டலும் எதிர்ப்பும் நடந்ததுண்டு. ஸ்டீபன் கிங்கின் ‘கேரி’ நாவல் 1988-ல் மியூசிக்கலாகி பிராட்வேக்கு வந்தபோது ஒரு பக்கம் கூச்சல் போட்டு எதிர்த்தார்கள், நடிகைகள் வணங்க வந்ததும் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். தொடக்க நாளிலிருந்து 5 காட்சிகளில் மூடிவிட்டார்கள். நடித்தவர்களுக்குக் கைதட்டல், நாடகத்துக்கு எதிர்ப்பு, இரண்டும் உண்மை. நீங்கள் தட்டியதும் அப்படித்தான், கண்ணெதிரே பாடி ஆடியவர்களுக்கு. அதில் தப்பே இல்லை.

என் குறை, போஸ்டரில் ‘தி டி.டி.எல்.ஜே. மியூசிக்கல்’ என்று போட்டுக்கொண்டதுதான். அந்த நான்கு எழுத்தை நம்பித்தானே உங்கள் அம்மா வந்தார்? படத்தின் பாட்டுகளுக்குப் பதில் புதிய ஆங்கிலப் பாட்டுகள், நாயகன் வேறு, நாயகனின் பெயர் வேறு. படம் தெரியாத புதிய பார்வையாளருக்காக நாடகத்தை எழுதிவிட்டு, பழைய ரசிகரைப் பெயரைக் காட்டி அழைத்தால் ஒரே வரிசையில் அம்மாவும் மகளும் வேறு வேறு நாடகம்தான் பார்ப்பார்கள். ஃபெரோஸ் அப்பாஸ் கான் 2016-ல் ‘முகல்-ஏ-ஆஸம்’ படத்தை மேடையேற்றியபோது இந்தக் குழப்பம் இல்லை. நௌஷாத்தின் பாட்டுகளை மேடையிலேயே பாடினார்கள், அந்த உருது அப்படியே இருந்தது, புரியாதவர்களுக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடியது. இத்தனைக்கும் அந்தப் படமே 1922-ல் இம்தியாஸ் அலி தாஜ் எழுதிய ‘அனார்கலி’ நாடகத்திலிருந்து கிளைத்த கதை. மேடைக்கும் திரைக்கும் நடுவே கதைகள் போய்வந்துகொண்டேதான் இருக்கும், அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

யார் பேச்சை எடுத்துக்கொள்வது என்று கேட்டீர்கள். ஆட்டம் பாட்டம் பற்றி உங்கள் பேச்சை, கதை பற்றி அம்மாவின் பேச்சை. அவரோடு உட்கார்ந்து படத்தின் மீதிப் பாதியையும் பாருங்கள், பிறகும் நாடகமே மேல் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள், அதையும் இங்கே வெளியிடுகிறேன்.