கலர் போடறதுக்கு முன்னாடி உண்மையைச் சொல்லுங்க

சென்னையில ஒரு பெரிய சலூன்ல பதினாலு வருஷமா வேலை. முதல் மூணு வருஷம் தலை அலசி விட்டேன், அப்புறம் கத்தரி, இப்போ முழுக்க கலர்தான். இன்னிக்கு லீவு, கேள்வி இருந்தா கேளுங்கன்னேன். கொட்டிட்டீங்க. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

மடிப்பாக்கத்திலிருந்து: அக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் பாக்கெட் மருதாணி போட்டுட்டு இருந்தேன். இப்போ அங்கங்க சில கொத்தை மட்டும் வெளுத்து ஹைலைட்ஸ் பண்ணணும். மருதாணி பத்தி சலூன்ல சொல்லணுமா? இயற்கைதானே?

சொல்லியே ஆகணும்மா. செடியிலிருந்து பறிச்சு அரைச்சதுன்னா பெரிசா பயமில்ல. இலையில இருக்கிற லாசோன்ங்கற சாயம் முடியோட கெரட்டின் புரதத்துல ஒட்டிக்கும், மேல போடற கலர் கொஞ்சம் சிவந்து தெரியும், அவ்வளவுதான். பாக்கெட்ல 'கறுப்பு மருதாணி'ன்னு வர்றதுதான் வம்பு. சிலதுல டையில போடற பிபிடிங்கற கெமிக்கலே இருக்கும், சிலதுல உலோக உப்பு. உலோக உப்பு ஏறின முடியில, ப்ளீச்சுல கலக்கற பெராக்சைடு பட்டா சூடாகிடும்.

ஒரு பொண்ணு வந்தா. "எதுவும் போட்டதில்ல"ன்னு மூணு தடவை சொன்னா. ப்ளீச் தடவி ஃபாயில் மடிச்சு ரெண்டாவது வரிசைக்குப் போறேன், முதல் ஃபாயில் லேசா உப்பி இருக்கு. விரல் வச்சா டீ கிளாஸ் மாதிரி சுடுது. இழுத்துட்டுப் போய் அலசினேன். அந்தக் கொத்தோட நுனி ஊறின சேமியா மாதிரி கையோட வந்துடுச்சு. அன்னியிலிருந்து யார் என்ன சொன்னாலும் காதுக்குப் பின்னாடி நாலு முடி எடுத்து ஸ்ட்ராண்ட் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுதான் கிண்ணத்தையே எடுப்பேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சே"ன்னு நினைக்காதீங்க. முடி மாசத்துக்கு ஒண்ணேகால் சென்டிமீட்டர்தான் வளரும். வேர்லயிருந்து 30 சென்டிமீட்டர் தாண்டினா உங்க மருதாணி அப்படியே உட்கார்ந்திருக்கு. இடுப்பு வரைக்கும் முடி வச்சிருக்கிறவங்களோட நுனிக்கு அஞ்சு வயசு இருக்கும்.

அண்ணா நகரிலிருந்து: ஆஷ் பிளாண்ட், அதான் சாம்பல் சாயல்ல வெளிர் பொன்னிறம், போட்டோ காட்டினேன். மூணு சிட்டிங் ஆகும்னு சொல்றாங்க. காசு பறிக்கிறாங்களா?

இல்ல, நல்ல கடைக்குத்தான் போயிருக்கீங்க. எங்க கணக்குல அடர் கறுப்பு 1, ரொம்ப வெளிர் பிளாண்ட் 10. நம்ம ஊர் முடி பெரும்பாலும் 1-லிருந்து 3-க்குள்ள. ப்ளீச் போட்டா கறுப்பு நேரா வெள்ளைக்குப் போகாது. முதல்ல செம்பு, அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், கடைசியிலதான் வாழைப்பழத் தோலோட உள்பக்கம் மாதிரி ஒரு வெளிர் மஞ்சள். அந்தக் கடைசிப் படிக்கு வந்தாதான் டோனர், அதாவது சாயலை மாத்தற மெல்லிசு கலர், போட்டு ஆஷ் கொண்டு வர முடியும். ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன்னு சொல்றவங்க ஒண்ணு ஆரஞ்சுல நிறுத்துவாங்க, இல்ல முடியை உடைப்பாங்க. டோனரும் சில வாரத்துல அலசிப் போயிடும், திரும்பத் திரும்ப வரணும்.

என்னைக் கேட்டா காஃபி பிரவுன்ல மெல்லிசா பாலயாஜ் போதும், வேரை விட்டுட்டு நுனிப் பக்கமா பிரஷ்ஷால தடவறது. வேர் வளர்ந்தாலும் கோடு போட்ட மாதிரி தெரியாது. இன்னொண்ணு, நீங்க காட்டற போட்டோல பாதி நிறம் ஃபில்டரோடது.

கோவையிலிருந்து: ஏற்கெனவே கறுப்பு டை போட்டிருக்கேன். மேல பிரவுன் போட்டா பிரவுன் வருமா?

வராது தம்பி. கலர் மேல போட்ட கலர் வெளுக்க வைக்காது. பழைய டையை எடுத்துட்டுதான் அடுத்தது.

மதுரையிலிருந்து: போன தடவை டை போட்டப்ப காதோரம் அரிச்சு, மறுநாள் நெத்தி வீங்கிடுச்சு. அமோனியா இல்லாததுக்கு மாறிக்கலாமா?

மாறாதீங்க, நிறுத்துங்க. அமோனியா மூக்கைத்தான் எரிக்கும். இந்த மாதிரி வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் பிபிடி. அட்டையில 'அமோனியா இல்லை'ன்னு போட்டிருந்தாலும் உள்ள பிபிடி இருக்கலாம். ஒரு தடவை ஒத்துக்காம போச்சுன்னா அடுத்த தடவை இன்னும் மோசமாகலாம். தோல் டாக்டரைப் பார்த்து எது ஒத்துக்கலைன்னு டெஸ்ட் எடுங்க. அது வரைக்கும் எந்த சலூன்லயும் தலையைக் காட்டாதீங்க, என்கிட்டயும்தான். முகம் வீங்கி மூச்சு திணறினா உடனே ஆஸ்பத்திரி.

மத்தவங்களுக்கும் சேர்த்து: கலர் போட 48 மணி நேரம் முன்னாடி காதுக்குப் பின்னாடி அந்தக் கலர்லயே ஒரு பொட்டு வச்சு அரிக்குதான்னு பாருங்க. "டைம் இல்ல"ன்னு கடைக்காரங்க சொன்னா கடையை மாத்துங்க.

திருச்சி சுருட்டை: தோள் வரைக்கும்னு சொல்லி வெட்டினேன் அக்கா. காஞ்சதும் காது மேல ஏறி உட்கார்ந்துடுச்சு!

ஈரத்துல நீட்டிப் பிடிச்சு வெட்டியிருப்பாங்க. ஈர முடி நீளும், சுருட்டை காஞ்சா சுருங்கும். அடுத்த தடவை காய்ஞ்ச முடியிலயே வெட்டச் சொல்லுங்க. நாற்காலியில உட்கார்ந்ததும் ஒரு சுருளை இழுத்து விட்டுக் காட்டுங்க, எவ்வளவு மேல ஏறுதுன்னு அவங்க கண்ணால பார்க்கட்டும். எண்ணெய் வச்சு இறுக்கிப் பின்னிட்டுப் போகாதீங்க. அந்தத் தலையைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

வேளச்சேரியிலிருந்து: கலர் 2,500னு போர்டுல இருந்துச்சு. பில் 7,800 வந்துச்சு. சண்டை போடலாமா?

போர்டுல '2,500 முதல்'னு இருந்திருக்கும், அந்த 'முதல்' சின்ன எழுத்துல. அது காது வரைக்கும் இருக்கிற முடிக்கு. நீளத்துக்குத் தனி, டோனருக்குத் தனி, அலசி உலர்த்தறதுக்குத் தனி. கழுத்துல துணி கட்டறதுக்கு முன்னாடி "எல்லாம் சேர்த்து, வரியோட எவ்வளவு?"ன்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க. ஏசி கடைன்னு கூச்சப்படாதீங்க. பில்லுல ஜிஎஸ்டி வரியையும் பாருங்க, 2025 செப்டம்பர் 22-லிருந்து சலூனுக்கு 18 சதவீதம் போய் 5 ஆயிடுச்சு.

அவரே: போர் தண்ணியில கலர் சீக்கிரம் போகுது.

உப்பும் இரும்பும் முடியில படியும், நிறம் மங்கி செம்பட்டையா தெரியும். படிஞ்சதை எடுக்கறதுக்குன்னே கீலேட்டிங் ஷாம்பு இருக்கு, மாசம் ஒரு தடவை போதும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணி ஒரு சொம்பு.

தஞ்சாவூரிலிருந்து: அம்மாவுக்கு 62 வயசு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை டை. சலிச்சுப் போய் வெள்ளையா விட்டுடறேங்கறாங்க. அசிங்கமா இருக்காதா?

அம்மா பக்கம்தான் நான். ஆனா சட்டுன்னு நிறுத்தினா பாதி வெள்ளை பாதி கறுப்புன்னு ஒரு கோடு விழும், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் திரும்ப டை வாங்கறாங்க. முடியைத் தோளுக்கு மேல வெட்டிட்டு, கறுப்பு இருக்கிற இடத்துல மெல்லிசா ஹைலைட்ஸ் போட்டா கோடு கலைஞ்சிடும். ஒரு வருஷம் பொறுமை வேணும். அம்மாவையே பேச விடுங்க, நீங்க பக்கத்து சோஃபாவுல உட்காருங்க.

ஈரோட்டிலிருந்து: அடுத்த மாசம் பழனியில மொட்டை போடறேன். அதுக்குள்ள நீலக் கலர் ஆசையைத் தீர்த்துக்கலாமா?

தாராளமா! கெட்டுப் போனாலும் கவலையில்லாத ஒரே தலை உங்களோடதுதான். மொட்டைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ப்ளீச்சை முடிச்சிடுங்க, புண்ணான தோல்ல சவரக்கத்தி பட்டா எரியும். அப்புறம் வளர்ற முடி இருக்கே, டையும் மருதாணியும் படாத புது முடி, எனக்கு அதுதான் பிடிக்கும். மூணு விரல் அளவு வளர்ந்ததும் வாங்க. உங்ககிட்ட மட்டும் பழைய கதை எதுவும் கேட்க மாட்டேன்.