‘சாதாரண ப்ளக்கிலேயே ஓடும்’ என்று சொன்னால் நம்பலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. தோட்டத்தை விட்டு வந்து, சுங்கை சிப்புட்டில் மலிவு விலை வீட்டில் இருக்கிறோம். தீபாவளிக்கு அகல் விளக்கு, பொங்கலுக்குச் சின்னச் சட்டி செய்து விற்கிறேன். இதுவரை விறகில்தான் சுட்டேன். புகையால் பக்கத்து வீட்டில் மனத்தாங்கல். ஈப்போவில் ஒருவர் தம் பழைய மின்சூளையை 3,500 வெள்ளிக்குத் தருகிறார். அமெரிக்கத் தயாரிப்பு, தகட்டில் 240 வோல்ட், 30 ஆம்பியர் என்று இருக்கிறது. “ஏர்கோன் பாயிண்ட் போதும், சாதாரண ப்ளக்கிலும் ஓடும்” என்கிறார். பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே பலகைச் சுவரை ஒட்டி வைக்கலாம் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?

பதில்: தகட்டைப் படித்துவிட்டுக் கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். சூளை உங்கள் வேலைக்கு ஆகும். ப்ளக் கதை மட்டும் ஆகாதும்மா.

கணக்கைப் பாருங்கள். 240-ஐ 30-ஆல் பெருக்கினால் 7,200 வாட். நம் வீட்டு மூன்று கால் ப்ளக் 13 ஆம்பியர்தான் தாங்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3,000 வாட். குளியலறை ஹீட்டர் இரண்டை ஒன்றாகத் திறந்துவிட்டால் எவ்வளவு கரண்டு இழுக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவை உங்கள் சூளை இழுக்கும். ஹீட்டர் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். சூளை எட்டு மணி, பத்து மணி நேரம் இழுக்கும். வயர் சூடாவது அந்த நீண்ட நேரத்தில்தான். ஏர்கோன் பாயிண்டும் இதற்காகப் போட்டதில்லை.

என் முதல் சூளை சின்னது, 2,900 வாட். விற்றவர் ப்ளக் மாட்டியே கொடுத்தார், நானும் சுவரில் செருகினேன். நாலாவது முறை சுடும்போது வீட்டில் கருவாடு வாடை. அடுப்பில் ஒன்றும் இல்லை. சூளையை நிறுத்திவிட்டு ப்ளக்கை உருவிப் பார்த்தால், ஒரு காலைச் சுற்றி ஞெகிழி பழுப்பாகி இளகியிருந்தது. 13 ஆம்பியருக்கு உட்பட்ட சூளைக்கே அந்தக் கதி. உங்களுடையது அதைப் போல இரண்டரை மடங்கு.

அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மெயின் சுவிட்ச் பெட்டியிலிருந்து சூளைக்கென்று தனி லைன், தனி எம்சிபி (கரண்டு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), நல்ல எர்த். 30 ஆம்பியர் சூளைக்கு 40 ஆம்பியர் எம்சிபி போடுவது வழக்கம். வயர் எவ்வளவு கனம் வேண்டும் என்பதை அவர் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். சூளையோடு ஏர்கோனும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் வீட்டு மெயின் தாங்குமா என்றும் கேளுங்கள். தாங்காது என்றால் மின்சாரம் தரும் தெனாகா நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். எம்சிபி, சுவிட்சில் சிரிம் தரமுத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்தச் செலவையும் சேர்த்தால்தான் சூளையின் விலை. அதைச் சொல்லியே 3,500-ஐக் குறைத்துக் கேட்கலாம்.

240 வோல்ட் சூளை நம் 230-இல் எட்டு விழுக்காடு சக்தி குறைந்து ஓடும். 1,000 டிகிரியில் சுடும் அகலுக்கு அது குறையே இல்லை. தகட்டில் 208 அல்லது 120 என்று இருந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். 120 வோல்ட் சூளையை நம் லைனில் கொடுத்தால் மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி பாய்ந்து சுருள் கருகிவிடும்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், இல்லையா? சூளைக்குப் பல் அந்தக் கம்பிச் சுருள்தான். மெயினை அணைத்து, மூடியைத் திறந்து பாருங்கள். சுருள் பள்ளத்தை விட்டு வெளியே தொங்குகிறதா? கையால் வளைத்துவிடாதீர்கள், ஒருமுறை சூடேறிய சுருள் காய்ந்த ஈர்க்குச்சி மாதிரி ஒடியும். வயர்மேன் மீட்டர் வைத்துப் பார்த்தால் மொத்தத் தடை 8 ஓமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 9-ஐத் தொட்டால் சுருள் மாற்றும் காலம் வந்துவிட்டது. உள்செங்கலில் மயிரிழை விரிசல் இருந்தால் பரவாயில்லை.

அப்புறம் பலகைச் சுவர். அந்த இடம் வேண்டவே வேண்டாம். சிமெண்டுத் தரையில், இரும்புக் கால் மேல், எல்லாப் பக்கமும் குறைந்தது 45 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். கேஸ் சிலிண்டர் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. கூரை ஒழுகினால் முதலில் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். செங்கல் ஈரம் குடித்தால் கரண்டு கசிந்து வீடே ட்ரிப் ஆகும். விறகுப் புகை போகும், உண்மைதான். ஆனால் மண்ணில் உள்ள கரிமப் பொருள் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின்கட்டு நன்றாகத் திறந்திருக்க வேண்டும். சூளை ஓடும்போது பக்கத்தில் யாரும் படுத்துத் தூங்கக் கூடாது.

கேள்வி: சூளை தானாக அணைந்துவிடும் என்று விற்பவர் சொன்னாரே, போட்டுவிட்டுத் தூங்கலாமா?

பதில்: கூடாது. உள்ளே கரண்டைத் திறந்து மூடும் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி “நிறுத்து” என்றாலும் சூளை நிற்காது. காலையில் தொடங்கினால் கடைசி ஒரு மணி நேரம் நீங்கள் விழித்திருக்கும் வேளையாக இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில், சூளைக்கு மேலே குனியாமல் அணைக்கும்படி, சுவரில் ஒரு சுவிட்சும் வைக்கச் சொல்லுங்கள்.

தீபாவளி நேரம் மழைக்காலம். அகல் வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடிப்பகுதியில் ஈரம் நிற்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. சந்தேகமாக இருந்தால் 90 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு மெல்ல ஏற்றுங்கள். 100-ஐத் தாண்டும்போது உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகி அகல் வெடிக்கும். சில்லு பாய்ந்து பக்கத்தில் இருப்பவையும் உடையும். சுட்ட பிறகு, 100-க்குக் கீழே இறங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள். காலையில் வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்றாலும் சரி.