தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தீக்காயத்தை எப்படித் தவிர்ப்பது?

பாம்பன் பக்கம் கடற்கரையோர வீடு, தரையில் அடுப்பு, தவழும் குழந்தை, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அடுப்பை மேடையில் ஏற்றுங்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளைத் தீயைவிடக் கொதிக்கும் தண்ணீரும் குழம்பும்தான் அதிகம் சுடுகின்றன. 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளிலேயே ஆழமாகப் புண்ணாக்கிவிடும். அதனால் சோறு வடித்த கஞ்சியைத் தரையில் ஆற வைக்காதீர்கள். இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

அடுத்தது மண்ணெண்ணெய். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் பிள்ளை குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

சரி, சுட்டேவிட்டால்? 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். குடம் காசு கொடுத்து வாங்கும் ஊர்தான், அன்றைக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். மீன் பெட்டி ஐஸ், பற்பசை, மை எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முகம், கை, பிறப்புறுப்பில் பட்டிருந்தால், காயம் சிறிதானாலும் மருத்துவர் பார்க்க வேண்டும்.