பைத்தானிலிருந்து ஓட்டும் வெளி நிரல் பாதியில் நின்றுவிடுவது ஏன்?

கோப்புப் பெயரில் இடைவெளி வந்தால், வீடியோவை மாற்றும் நிரலான எஃப்எஃப்எம்பெக்கின் கட்டளை உடைகிறது, பெரிய வீடியோ என்றால் பைத்தான் நிரல் அப்படியே உறைந்து நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள்.

முதலாவது எளிது. கட்டளையை ஒரே சரமாக ஒட்டி ஷெல்லிடம் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) கொடுத்தால், அது இடைவெளி கண்ட இடத்தில் வெட்டும். பெயரில் அரைப்புள்ளி இருந்தால் அதற்குப் பின்னால் உள்ளதைத் தனிக் கட்டளையாகவே ஓட்டிவிடும். பயனர் தரும் பெயர் என்றால் இது பாதுகாப்பு ஓட்டை. மேற்கோள்குறி போட்டுச் சமாளிக்க வேண்டாம். நிரலின் பெயரையும் ஒவ்வொரு வாதத்தையும் தனித்தனி உறுப்பாக வைத்துப் பட்டியலாகக் கொடுங்கள். ஷெல் நடுவில் வராது.

உறைவதுதான் பலரையும் குழப்புவது. எஃப்எஃப்எம்பெக் தன் பதிவுச் செய்திகளைப் பிழை வெளியீட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். அதை பைப்பில் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் குழாய்) பிடித்துவிட்டு நீங்கள் படிக்காமல், முடியட்டும் என்று வெறும் வெயிட் போட்டால், பைப் நிரம்பிவிடும். லினக்ஸில் அதன் வழக்கமான கொள்ளளவு 64 கேபிதான். நிரம்பியதும் எஃப்எஃப்எம்பெக் எழுத முடியாமல் நிற்கும், நீங்கள் அது முடியக் காத்திருப்பீர்கள். யாரும் நகரமாட்டார்கள்! சின்ன வீடியோவில் செய்தி குறைவு, அதனால் தப்பிக்கிறது.

வெளி நிரல்களை ஓட்டுவதற்கான பைத்தானின் சப்பிராசஸ் தொகுதியில் உள்ள ரன், கம்யூனிகேட் இரண்டும் வழக்கமான வெளியீடு, பிழை வெளியீடு இரண்டையும் சேர்த்தே படித்துவிடும். அவற்றையே பயன்படுத்துங்கள். அப்புறம், எஃப்எஃப்எம்பெக் உள்ளீட்டையும் எட்டிப் பார்க்கும். அந்த உள்ளீட்டை, எதுவுமே தராத வெற்று இடமான டெவ்நல்லுக்குத் திருப்பிவிடுங்கள். டைம்அவுட் (காத்திருப்பதற்கான நேர வரம்பு) ஒன்றும் வையுங்கள். நிரல் முடியும்போது தரும் வெளியேறும் குறியீடு 0 இல்லையென்றால் தோல்வி.