கியர் பெட்டியை இறக்கும் முன் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள்

வண்டி வைத்தியம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 1996ஆம் ஆண்டு ஒட்டோ கியர் டபுள் கெப் ஒன்று இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் வத்தளையிலிருந்து கண்டிக்கு இரும்புச் சாமான் ஏற்றிப் போகிறேன். காலையில் ‘டி’யில் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி பிடிக்கிறது. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது எஞ்சின் வீணாக உறுமி, பிறகு ‘தடக்’ என்று விழுகிறது. சில நாட்களில் நான்காவது கியரே வருவதில்லை. பொனட்டுக்குள் இருக்கும் தகட்டில் கியர் பெட்டியின் வகை ஏ340இ என்று அடித்திருக்கிறது. கராஜில் பெட்டியையே மாற்றச் சொல்லி மூன்றரை இலட்சம் ரூபா கேட்கிறார்கள். மாற்றிவிடவா?
– வத்தளை வாசகர்

பதில்: தம்பி, அந்தப் பணத்தை இப்போதைக்குப் பணப் பெட்டியிலேயே வைத்திருங்கள். மாற்றச் சொன்னவர் கியர் ஒயில் கம்பியையாவது இழுத்துப் பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பஞ்சிகாவத்தையில் பெட்டி வாங்கினாலும் அது இன்னொரு பழைய வண்டியின் வயிற்றிலிருந்து கழற்றியதுதான். அதற்குள் என்ன தேய்ந்திருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது.

முதலில் ஒயில். பேலியகொடை வரை போய்த் திரும்புங்கள், பெட்டி நன்றாகச் சூடாகட்டும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை ‘பி’யிலிருந்து ‘எல்’ வரை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மீண்டும் ‘பி’க்கு வாருங்கள். எஞ்சினை நிறுத்தாமலே கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துச் சூட்டுக் குறியைப் பாருங்கள். எஞ்சின் ஒயிலைப் பார்ப்பதுபோல நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு பிழைக்கும். ஒயில் குறைந்திருந்தால் காலைத் தாமதத்துக்கும் இடையில் உறுமுவதற்கும் அது ஒன்றே போதும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கூடுதலாக ஊற்றிவிடவும் வேண்டாம். சுழலும் பாகங்கள் அதை நுரையாக அடித்துவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது, பெட்டி அதே போல வழுக்கும்.

பிறகு ஒரு சொட்டை வெள்ளை வேட்டித் துண்டில் விட்டுப் பாருங்கள். மாதுளம்பழச் சிவப்பாக விரிந்தால் நல்லது. தேயிலைச் சாயம்போல் இருந்தால் பழையது, அவ்வளவுதான். கறுத்து, தீய்ந்த வாடை அடித்து, விரலால் தேய்க்கும்போது மாவுபோல் நெருடினால் அது கிளட்ச் தட்டுகளின் பொடி. ஸ்ட்ரோபெரி மில்க் ஷேக் போல இருந்தால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்: கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கிறது, அது ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒயில் சரியென்றால், அக்சிலரேட்டரின் அசைவைக் கியர் பெட்டிக்குக் கொண்டுபோகும் கிக் டவுன் கேபிள். இதைப் பார்க்க இரண்டு பேர் போதும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் அக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்கட்டும். மற்றவர் கேபிள் உறையின் முனையைப் பார்க்கட்டும். கேபிளில் நசுக்கிப் பொருத்திய சிறிய மணி ஒன்று இருக்கும். உறை முனைக்கும் அந்த மணிக்கும் இடையில் 0 முதல் 1 மில்லிமீற்றர்தான் இருக்க வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தால் பெட்டிக்குள் அழுத்தம் குறைந்து தட்டுகள் வழுக்கும்; அதிகமாக இழுபட்டிருந்தால் கியர் இடித்து மாறும். நட்டைச் சற்றுத் திருகினால் தீர்ந்துபோகும் இந்தக் கோளாறுக்கு ஒரு பெட்டியையே பலி கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த பிளக். உங்கள் பெட்டியில் கியரை மாற்றுவது இரண்டு சொலனோயிட்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சிறிய வால்வுகள். கணினி அவற்றுக்கு மின்சாரம் கொடுத்தும் நிறுத்தியும் நான்கு கியர்களையும் தேர்ந்தெடுக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் நுழையும் வயர்க் கொத்தின் பிளக்கைக் கழற்றிவிட்டால் கணினிக்குப் பேச்சில்லை. அப்போது ‘எல்’லில் முதல் கியர், ‘2’இல் மூன்றாவது, ‘டி’யில் நான்காவது மட்டும் வர வேண்டும். நெரிசல் இல்லாத வீதியில் ‘எல்’லில் புறப்பட்டு, வேகம் எடுத்ததும் ‘2’க்கு மாற்றி, சிறிய ஏற்றம் ஒன்றில் மிதித்துப் பாருங்கள். மூன்றாவது வழுக்காமல் இழுத்தால், அந்தக் கியருக்குப் பொறுப்பான கிளட்ச் இன்னும் உயிரோடு இருக்கிறது. சொலனோயிட், வயர், சென்சர் பக்கம் தேடுங்கள். அங்கேயும் உறுமிக்கொண்டு வழுக்கினால் கராஜ்காரர் சொன்னது சரி, பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.

இந்தச் சோதனையை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கிராண்ட்பாஸில் கராஜ் தொடங்கிய புதிதில் அரிசிக் கடைக்காரர் ஒருவரின் கெப் வந்தது, இதே நோய். வீரத்தோடு பெட்டியை இறக்கினேன். இரண்டு நாள் பிரித்துப் பரப்பியும் தட்டுகளில் ஒரு குறையும் காணவில்லை. திரும்பப் பூட்டும்போதுதான் பையன் காட்டினான்: வயர்க் கொத்தின் மேலுறையை எலி கடித்து, ஒரு வயர் பாதி நாரில் தொங்கிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டைக்கு வந்த எலி. கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான்காவது கியர் வராத நாட்களில் டாஷ்போர்டில் ‘ஓடி ஓஃப்’ விளக்கைக் கவனியுங்கள் (‘ஓடி’ என்றால் ஓவர்டிரைவ், அதாவது நான்காவது கியர்). நிலையாக எரிந்தால் லீவரில் உள்ள பொத்தானைக் கை தட்டியிருக்கிறது. சிமிட்டினால் கணினி குறை சொல்கிறது. பொனட்டுக்குள் இருக்கும் பரிசோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு துளைகளையும் வயர்த் துண்டால் இணைத்து, பொத்தானை ‘ஓன்’ நிலையில் விட்டுச் சாவியைப் போட்டால் சிமிட்டல்களை எண்ணலாம்; அவை இரண்டு இலக்கக் குறை எண்ணைச் சொல்லும். 42, 61 என்றால் வேக சென்சர்கள். 62, 63 என்றால் அந்த இரண்டு சொலனோயிட்கள். நல்ல சொலனோயிட்டின் தடை 11 முதல் 15 ஓம். இன்னொன்று: எஞ்சின் போதிய சூடேறும் வரை கணினி நான்காவதைத் தராது. ‘எஞ்சின் சூடாகாமல் இருக்கட்டும்’ என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மூர் வழக்கம். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒயில் வெறுமனே பழையதென்றால், சட்டியைக் கழற்றி வடிகட்டியைச் சுத்தம் செய்து, டெக்ஸ்ரன் வகை ஒயில் ஊற்றுங்கள். ஒரு தடவையில் பாதிக்கும் குறைவாகத்தான் வடியும், மீதி, எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டரில் தங்கிவிடும். ஆயிரம் கிலோமீற்றருக்குப் பிறகு மறுபடி மாற்றுங்கள். மெஷின் வைத்து முழுவதையும் ஒரேயடியாகத் தள்ளிக் கழுவ நான் விடமாட்டேன். முப்பது வருட அழுக்கைக் கலக்கி வால்வுகளுக்குள் அனுப்ப எனக்குத் துணிவில்லை.

கேள்வி: என் பழைய கெப் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறித் தவிக்கிறது. பெட்டி போய்விட்டதா?
– தெஹிவளை வாசகி

பதில்: இல்லை அம்மா. அடிவாரத்திலேயே ஓவர்டிரைவ் பொத்தானை ‘ஓஃப்’ செய்துவிடுங்கள். மூன்றாவதில் நின்று ஏறும், ஒயிலும் அவ்வளவு சூடாகாது. இறங்கும்போது ‘2’இல் விட்டால் பிரேக்குக்கும் ஓய்வு கிடைக்கும். கண்டி வீதியின் சமதளத்துக்கு வந்ததும் பொத்தானை மறுபடி போட மறந்துவிடாதீர்கள். மறந்துவிட்டு ‘டீசல் அதிகம் குடிக்கிறது’ என்று எனக்குக் கடிதம் எழுதியவர்கள் ஏற்கனவே இரண்டு பேர்.